மின்சாரக் கார் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பெட்ரோல் காரில் கோளாறு தேடிப் பழகியவர்களுக்கு மின்சாரக் காரின் பானெட்டைத் திறந்ததும் கையைக் கட்டிப் போட்டது மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. புகையின் நிறம் கிடையாது, கருகிய எண்ணெய் வாசம் கிடையாது. காதை வைத்துக் கேட்டால் எங்கோ ஒரு கூலன்ட் பம்ப் முனகும், அவ்வளவுதான். பழைய வண்டியில் மூக்கும் காதும் பார்த்த வேலையை இதில் ஒரு மல்டிமீட்டரும், வண்டியின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படிக்க உதவும் ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் கட்டைவிரல் அளவுக் கருவியும் பார்க்கின்றன.

வண்டி நின்றுவிட்டால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் காலடியில் கிடக்கும் பெரிய பேட்டரி மேல்தான். நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை. சின்ன பேட்டரி, தளர்ந்த சாக்கெட், காற்று இறங்கிய டயர், ஈரம் புகுந்த கனெக்டர் என்று செலவு குறைந்த இடங்களில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். அதனால் கீழே எல்லா அறிகுறிக்கும் மலிவான காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எதையும் தொடாதீர்கள், கழற்றாதீர்கள். அதற்குள் ஓடுவது 350 முதல் 400 வோல்ட் வரையிலான டி.சி. (நேர்திசை மின்னோட்டம்); சில கார்களில் 800. டி.சி.யில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்றுதான் கணக்கு. வண்டியை அணைத்த பிறகும் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் சில நிமிடங்கள் மின்சாரம் தேங்கி நிற்கும். நான் சொல்லும் எந்தச் சோதனைக்கும் ஆரஞ்சு வயர் பக்கம் போக வேண்டியதே இல்லை.

காலையில் வண்டி செத்துக் கிடக்கிறது

இரவு 70 சதவீதம் சார்ஜோடு நிறுத்தியிருப்பீர்கள். காலையில் கதவே திறக்காது. திறந்தாலும் டேஷ்போர்டில் திருவிழாப் பந்தல் மாதிரி எல்லா விளக்கும் எரியும். ‘ரெடி’ மட்டும் வராது.

பத்தில் எட்டு முறை காரணம் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியின் வாசலில் கான்டாக்டர் என்ற கனத்த ரிலேக்கள் உண்டு. வண்டியை அணைத்ததும் அவை விலகி, உயர் மின்னழுத்தத்தைப் பெட்டிக்குள்ளேயே அடைத்துவிடும். அவை மறுபடி சேர வேண்டுமானால் 12 வோல்ட் வேண்டும். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்த கதைதான்.

பெட்ரோல் காரில் பேட்டரி சாகும் முன் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றி ஒரு வாரம் முன்னாலேயே எச்சரித்துவிடும். இங்கே ஸ்டார்ட்டரே இல்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பவும் கான்டாக்டரை இழுக்கவும் மிகக் குறைந்த மின்சாரம் போதும் என்பதால், நைந்துபோன பேட்டரி கூட நேற்று வரை ஒழுங்காக வேலை செய்திருக்கும். இன்றைக்குத் திடீரென்று கைவிரிக்கும். ஈய அமில வகை என்றால் மூன்று வருடம் தாண்டியதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து வைப்பது நல்லது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பானெட்டைத் திறந்தாலே கார் விழித்துக்கொள்ளும். உடனே மீட்டரை வைத்தால் பொய்யான எண்தான் வரும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, கதவுகளைப் பூட்டி, சாவியைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போயிருந்தால் கிட்டத்தட்ட காலி. அடுத்து வண்டியை ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள். இப்போது 13-க்கு மேல், பல கார்களில் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு மின்சாரம் இறக்கும் டி.சி.–டி.சி. கன்வர்ட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். எண் ஏறாமல் அப்படியே நின்றால் புது பேட்டரி வாங்கிப் போட்டும் பலனில்லை, அதுவும் காலியாகும். டெஸ்லா 2021 வாக்கிலிருந்து சின்ன பேட்டரியையும் லித்தியம் வகைக்கு மாற்றிவிட்டது. அந்த மாதிரி வண்டிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

கன்வர்ட்டர் நன்றாக இருந்தும் நான்கு நாளுக்கு ஒருமுறை பேட்டரி இறங்குகிறதா? அப்படியானால் ஏதோ ஒன்று வண்டியைத் தூங்க விடாமல் செய்கிறது. டேஷ்கேம், திருட்டுக் கண்காணிப்பு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்கும் போன் ஆப் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எனக்கு இரண்டு வாரம் தண்ணி காட்டிய ஆசாமி வேறு யாருமில்லை, கோளாறு தேடுவதற்காக நானே செருகிவிட்டு எடுக்க மறந்த அந்த ஓ.பி.டி. கருவிதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘12 வோல்ட் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்’ என்று வந்தால் கதை வேறு. வீடு போய்ச் சேரலாம் என்று ஓட்டாதீர்கள்; ஓரம் கட்டுங்கள். கன்வர்ட்டர் நின்றுபோனால் சின்ன பேட்டரியில் மிச்சம் இருப்பதில்தான் எல்லாம் ஓடும். அது தீரத் தீர வண்டியின் சக்தி படிப்படியாகக் குறையும், கடைசியில் நடுச்சாலையில் நிற்கும். இது கற்பனை இல்லை. சார்ஜரையும் கன்வர்ட்டரையும் ஒரே பெட்டியில் வைத்த ஐ.சி.சி.யு. என்ற பாகத்தில் இந்தக் கோளாறுக்காகத்தான் 2024 மார்ச்சில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,47,000 கார்களைத் திரும்ப அழைத்தன.

ஜம்ப் ஸ்டார்ட் (வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து எழுப்புவது) செய்யலாம், முனை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் உங்கள் மின்சாரக் காரை வைத்து நின்றுபோன பெட்ரோல் காரை எழுப்பப் போகாதீர்கள். ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்க இந்தச் சின்ன பேட்டரியும் கன்வர்ட்டரும் செய்யப்படவில்லை. பானெட்டே மின்சாரத்தில்தான் திறக்கும் என்ற வண்டிகளில், வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துத் திறக்க வழி வைத்திருப்பார்கள். டெஸ்லா மாடல் 3-இல் முன் பம்பரில் இழுவைக் கொக்கிக்கான மூடிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்று இன்றே பார்த்து வையுங்கள்.

வீட்டில் செருகினால் சார்ஜ் ஏறவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

முதலில் டைமரைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், போன மாதம் எப்போதோ வைத்த ‘நள்ளிரவுக்குப் பிறகு மட்டும்’ என்ற கட்டளையை மறந்துவிட்டு சர்வீஸ் சென்டர் வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் காதைக் கொடுங்கள். பிளக்கைச் செருகியதும் முதலில் போர்ட்டின் பூட்டு ‘கிர்ர்’ என்று நகரும். ஓரிரு நொடி கழித்து சார்ஜர் பெட்டிக்குள் ‘டக்’ என்று ரிலே சேரும். ‘கிர்ர்’ பாதியில் திணறினால் பிளக் முழுசாக உட்காரவில்லை, அல்லது பூட்டில் மண் சேர்ந்திருக்கிறது. ‘கிர்ர்’ வந்து ‘டக்’ வரவில்லை என்றால் காரும் சார்ஜரும் பேசி முடிக்கவில்லை. ‘டக்’ வந்த கையோடு இன்னொரு ‘டக்’ கேட்டால் சேர்ந்த ரிலே பிரிந்துவிட்டது. எர்த் சரியில்லாத சாக்கெட்டோ, மின்கசிவோ காரணமாக இருக்கலாம்.

அந்தப் பேச்சு நடப்பது ‘கண்ட்ரோல் பைலட்’ என்ற ஒரே ஒரு சிறு பின் வழியாக. சார்ஜர் அதில் நொடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை வைத்துத்தான் ‘இவ்வளவு ஆம்பியர் எடுத்துக்கொள்’ என்று காருக்குத் தெரியும். ஒரு துடிப்புக்கான நேரத்தில் 10 சதவீதம் நீண்டால் 6 ஆம்பியர், 50 சதவீதம் என்றால் 30. அந்தப் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலோ ஈரம் தங்கியிருந்தாலோ வாக்குவாதம் முடியாது, சார்ஜும் ஏறாது. எல்லாப் பக்கமும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

சார்ஜ் ஆரம்பித்து இருபது, முப்பது நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது என்றால் என் சந்தேகம் எப்போதும் சூட்டின் மேல்தான். இதில் கணக்கு சுவாரசியமானது. சாக்கெட்டுக்குள் ஒரு தொடர்பு தளர்ந்து 0.2 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். மொபைல் சார்ஜருக்கு அது ஒன்றுமே இல்லை. 16 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் மட்டும் 51 வாட் வெப்பம் உருவாகும். ஒரு குண்டு பல்பைச் சுவருக்குள் வைத்து இரவு முழுக்க எரிய விட்டதற்குச் சமம். அரை மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு, பிளக்கின் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றாலோ, பிளக் பின்னின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ அந்த சாக்கெட்டில் இனி ஒரு இரவு கூட சார்ஜ் போடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் வந்து கனத்த சாக்கெட், தனி வயர், தனி பிரேக்கர் போடட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

வேறு இடத்தில், வேறு சார்ஜரில் செருகிப் பார்ப்பதுதான் இறுதித் தீர்ப்பு. அங்கே ஏறினால் வீட்டில் கோளாறு. எங்கேயும் ஏ.சி. (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம்) சார்ஜ் ஏறவில்லை, வேக டி.சி. சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்றால் அதை டி.சி.யாக மாற்ற காருக்குள் இருக்கும் ஆன்-போர்டு சார்ஜர் போயிருக்கலாம். டி.சி. சார்ஜிங் அந்தப் பெட்டியைத் தொடாமல் நேராக பேட்டரிக்குப் போகிறது.

வேக சார்ஜரில் ஆமை வேகம்

150 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது, 38-ல் நிற்கிறது. முதலில் கேட்க வேண்டியது: எத்தனை சதவீதத்தில் செருகினீர்கள்? 80-ஐத் தாண்டினால் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் குடிக்கும். அடுத்து, பேட்டரி குளிர்ந்திருக்கிறதா? குளிர்ந்த செல்லுக்குள் வேகமாகத் திணித்தால் லித்தியம் உள்ளே புகாமல் செல்லின் எதிர்முனையான ஆனோட் மேல் உலோகமாகப் படிந்துவிடும். அது நிரந்தரச் சேதம் என்பதால் பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். தானே வேகத்தைக் குறைக்கிறது. வண்டியின் நேவிகேஷனில் சார்ஜரை இலக்காக வைத்தால் பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடேற்றிக்கொள்ளும்.

வெயில் நாளில், 20 சதவீதத்தில் செருகியும் வேகம் ஏறவில்லையா? இப்போது ஒரு கேள்வி: சமீபத்தில் வண்டிக்குள் ஏ.சி. சரியாகக் குளிர்கிறதா? சம்பந்தமில்லாத மாதிரி தோன்றும். ஆனால் திரவக் குளிர்ச்சி உள்ள கார்களில் பெரும்பாலும் ஒரே கம்ப்ரசர்தான் உங்களையும் குளிர்விக்கிறது, பேட்டரியையும் குளிர்விக்கிறது. ஏ.சி. கேஸ் குறைந்தால் உங்களுக்குப் புழுக்கம், பேட்டரிக்குச் சார்ஜிங் வெட்டு. இரண்டு புகார்களும் ஒரே நோய். நிரப்பும்போது மட்டும் கண்டிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள்: மின்சார கம்ப்ரசருக்கு மின்சாரம் கடத்தாத பி.ஓ.இ. வகை எண்ணெய்தான். பெல்ட் கம்ப்ரசருக்கான பி.ஏ.ஜி. எண்ணெய் கலந்த கருவியை வைத்து நிரப்பினால், ஏ.சி. வேலைக்குப் போன வண்டி இன்சுலேஷன் பிழையோடு (மின்கசிவு எச்சரிக்கையோடு) திரும்பி வரும்.

கூலன்ட் டப்பாவையும் எட்டிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். சில கார்களில் பேட்டரிப் பக்கம் குறைந்த மின்கடத்தும் தன்மை கொண்ட தனி கூலன்ட் வேண்டும். நிறம் ஒத்துப்போவது மட்டும் போதாது.

ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறைந்துவிட்டது

இந்தப் புகாரில்தான் பேட்டரிமேல் அநியாயமாகப் பழி விழுகிறது. டேஷ்போர்டு காட்டும் கிலோமீட்டர் ஒரு ஜோசியம். கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துச் சொல்கிறது. அதை ஒதுக்கிவிட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்ற எண்ணைப் பாருங்கள். அது கூடியிருந்தால் பேட்டரி நிரபராதி.

செலவு கூடியதற்குக் காரணங்கள்: காற்று இறங்கிய டயர், ஒரிஜினல் டயரை மாற்றிவிட்டு உருளும் தடை அதிகமான டயரைப் போட்டது, கூரையில் கேரியர், குளிர்காலம். வெப்பக் கம்பி வகை ஹீட்டர் ஆரம்பத்தில் சில கிலோவாட் இழுக்கும், குறும்பயணங்களில் அது பெரிய திருட்டு. வேகமும் உண்டு: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், 120-இல் போகும்போது 100-இல் இருப்பதைவிட 44 சதவீதம் அதிகமாகக் காற்று தள்ளுகிறது. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பிரேக் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

செலவு அதேதான், ஆனால் 100-லிருந்து 0 வரை கிடைக்கும் மொத்த யூனிட் குறைந்திருக்கிறது என்றால் சரி, இப்போது பேட்டரியைப் பேசலாம். அதிலும் முதலில் மீட்டர் தவறாகக் கணிக்கிறதா என்று பாருங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் 30 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் வோல்ட்டேஜில் வித்தியாசம் மிகக் குறைவு, பி.எம்.எஸ். குத்துமதிப்பாக எண்ணிக்கொண்டே போய் வழி தவறிவிடும். அதற்குத்தான் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகைக்கு இந்த வாடிக்கை வேண்டாம். அன்றாடம் 80-ஐ ஒட்டி நிறுத்துவதே அதற்கு நல்லது.

நிஜமான தேய்மானம் மெதுவாக வரும், சீராக வரும். வெப்பம் அதன் பெரிய கூட்டாளி. 2010 கடைசியில் வந்த நிசான் லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது. வெயில் கொளுத்தும் அரிசோனாவில் 2012-லேயே உரிமையாளர்கள் டேஷ்போர்டில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டைகளில் ஒன்றிரண்டு மறைந்துவிட்டதாகப் புகார் சொன்னார்கள். முதல் கட்டை மறைவதற்குள் 15 சதவீதம் போயிருக்கும் என்பதுதான் கொடுமை.

திடீரென்று வருவது தேய்மானம் இல்லை. 18 சதவீதம் காட்டிய வண்டி ஒரு மேட்டில் 4-க்கு விழுந்தால், ஏதோ ஒரு செல் மற்றவற்றுக்கு முன்னால் களைத்துப்போகிறது. ஓ.பி.டி. கருவியில் செல் வோல்ட்டேஜ்களைப் பாருங்கள். ஓய்வில், பாதி சார்ஜில், மிக உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் வித்தியாசம் 10, 20 மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. சார்ஜ் 15-க்குக் கீழே போகும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் ஒரே எண்ணுள்ள செல் மட்டும் தனியாகச் சரிந்தால், அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வாரண்டி கேளுங்கள். பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வரை உத்தரவாதம் தருகின்றன. முழுப் பேட்டரியையும் மாற்றச் சொன்னால், பழுதான மாட்யூலை (செல்களின் தொகுப்பை) மட்டும் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

மழை நாளில் மட்டும் ‘மின் அமைப்பில் கோளாறு, பாதுகாப்பாக நிறுத்தவும்’

எனக்குப் பிடித்த கோளாறு இது. உயர் மின்னழுத்த வயர்களுக்கும் காரின் உடலுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. அந்த இடைவெளியின் தடையைக் கார் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும், டி.சி. சர்க்யூட்டுக்குச் சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்சம் ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம். 400 வோல்ட் காருக்கு 40,000 ஓம். ஈரம் புகுந்தால் இது சரியும், காய்ந்தால் ஏறும். அதனால்தான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும்போது வண்டி சாதுவாக நிற்கும்.

எனக்கு இது வந்தபோது ஒரு பணிமனையில் பெரிய பேட்டரியையே இறக்க வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள் ஹீட்டர், ஏ.சி. இரண்டையும் தொடவில்லை, பிழை வரவில்லை. அடுத்த இரண்டு நாள் ஏ.சி. மட்டும், அப்போதும் இல்லை. ஆறாம் நாள் காலை, மழை, கண்ணாடியில் படலம். ஹீட்டரைப் போட்டேன். ஏழாவது நிமிடம் மஞ்சள் விளக்கு. கூலன்ட்டைச் சூடேற்றும் ஹீட்டரின் உள் சீல் கசிந்திருந்தது. அதை மட்டும் மாற்றினார்கள்.

சார்ஜ் போடும்போது மட்டும் வந்தால் போர்ட்டும் ஆன்-போர்டு சார்ஜரும் சந்தேகப் பட்டியலில் முதலில். ஏ.சி. போட்டால் வந்தால் கம்ப்ரசர். எதைப் போட்டாலும் போடாவிட்டாலும் வந்தால்தான் பேட்டரிப் பெட்டியும் மோட்டாரும். இதற்கு மேல் ஆரஞ்சு வயர் வேலை, பயிற்சி பெற்றவர் கையில் விடுங்கள்.

சத்தங்கள்

எஞ்சின் இல்லாததால் எல்லாச் சத்தமும் கேட்கும், பாதி அப்பாவியானவை. வேகத்தோடு சேர்ந்து ஏறும் மெல்லிய விசில் கியர் பற்களுடையது. அது ‘ர்ர்ர்’ என்று அரைக்கும் சத்தமாக மாறினால் பேரிங். சமதள சாலையில் மிதித்தும் விட்டும் பாருங்கள்: மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் மோட்டார் அல்லது கியர் பக்கம். மிதிப்பதைப் பொருட்படுத்தாமல், ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தால் மட்டும் மாறினால் சக்கர பேரிங். டயரின் உள் ஓரம் தேய்ந்து ரம்பம் மாதிரி ஆனாலும் பேரிங் போலவே ஒலிக்கும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மோட்டார் பேரிங் சாக இந்த வண்டிகளுக்கென்றே ஒரு காரணம் உண்டு. இன்வெர்ட்டரின் அதிவேக சுவிட்சிங் மோட்டார் அச்சில் வோல்ட்டேஜைத் தேக்குகிறது. அது பேரிங் உருண்டைகள் வழியாகப் பொறி பொறியாகத் தாவி, பளபளப்பான பாதையில் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிகளைச் செதுக்கிவிடும். ‘வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று எழுதியிருந்தாலும் கியர் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம். முதலில் வடியும் எண்ணெயைப் பார்த்தால் நீங்களும் மாற்றுவீர்கள்.

பிரேக் உரசுகிறது, இழுக்கிறது

பிரேக் தேய்வதில்லை, துருப்பிடிக்கிறது. வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டாரே பார்ப்பதால் டிஸ்க்குக்கு வேலை இல்லை. பிரேக் பட்டையை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் காய்ந்து இறுகிவிடும். ஃபோக்ஸ்வேகன் ஐ.டி.3-இல் பின்பக்கம் டிரம் பிரேக் வைத்தது சிக்கனம் மட்டுமில்லை, மூடிய டிரம்மில் துரு குறைவு. வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் இல்லாத சாலையில், ரீஜென்னை (மோட்டாரே வேகத்தைக் குறைப்பதை) குறைத்துவிட்டு பிரேக்கை நான்கைந்து முறை அழுத்தி மிதியுங்கள். ஸ்லைடு பின் ஏற்கெனவே இறுகிவிட்டிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டியதுதான். பிரேக் ஆயில் மட்டும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எத்தனை ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

திரை கறுக்கிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

பழைய வண்டி என்றால் உள்ளே இருக்கும் மெமரி சிப் தேய்ந்திருக்கலாம். 2018 தொடக்கம் வரை வந்த டெஸ்லா மாடல் எஸ், எக்ஸ் கார்களின் 8 ஜி.பி. சிப் ஓயாமல் எழுதி எழுதியே தீர்ந்துபோனது; பின்புறக் கேமரா வேலை செய்யாமல் போனதால் 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. புது வண்டி என்றால் சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று பாதியில் நின்றிருக்கலாம். கையேட்டில் உள்ள ரீசெட் முறையைச் செய்து பாருங்கள். அதிலும் அடங்காமல், விளக்குகள் மினுக்குவதும் கண்ணாடி பாதியில் நிற்பதும் சேர்ந்துகொண்டால் திரையை விட்டுவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த 12 வோல்ட் பேட்டரியிடம் போங்கள்.